எத்தனை நாள் மூட வேண்டும்?

போனில் கடை திறப்பது என்றால் ஏதோ இரண்டு பட்டனை அழுத்துகிற வேலை என்று நினைத்திருந்தாள் வத்ஸலா. அது என்னடாவென்றால், கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தது. கடையின் பெயர் என்ன? என்ன மொழி? எந்த ஊர் நேரம்? அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து கேள்வி கேட்டே பழகியவளுக்கு, பதில் சொல்கிற பக்கம் உட்காருவது புதுசாகத்தான் இருந்தது.

"நேரத்துல ஸ்ரீரங்கமும் இல்லை, மெட்ராஸும் இல்லை. கொல்கத்தான்னுதான் இருக்கு."

"நமக்கும் கொல்கத்தாவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார் அவள் கணவர் வேதாந்தம். பொன்மலை ரயில்வே பணிமனையில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். படிவம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் மனிதருக்குச் சாப்பாடே வேண்டாம். "சரி, அதையே போட்டுத் தொலை."

விற்கப் போவது புளிக்காய்ச்சல். ஒரே சரக்கு. மேலச் சித்திரை வீதி ஃப்ளாட்டில் வத்ஸலா காய்ச்சுவாள்; பாட்டிலில் அடைத்து முகவரி எழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. 'விற்ற பொருளைத் திரும்பப் பெறுவீர்களா?' என்று போன் கேட்டபோது வேதாந்தம் கொதித்துப் போனார். "நன்னா இருக்கே! திறந்து விரலை விட்டு நக்கினதைத் திருப்பி வாங்கி எங்கே வெச்சுக்கறதாம்? மாட்டோம்னு போடு."

'கடையைப் பற்றி' என்ற கட்டம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதிக்கோ. மடியாகத் தயாரிக்கப்படுவது. குடும்பத்தில் தீட்டு நேரிடும் நாட்களில் கடை மூடியிருக்கும்." வத்ஸலா அட்சரம் பிசகாமல் எழுதினாள். வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று அவளுக்கும் பட்டது.

அடுத்து, எந்தெந்தப் பகுதிக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டது. திருச்சியின் பின்கோடுகளை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தவள் பதினேழில் நின்றாள். திருச்சி-17 என்றால் தென்னூர்.

"அது வேண்டாம்," என்றார் வேதாந்தம். குரலில் கோபம்கூட இல்லை.

தென்னூரில்தான் மைத்ரேயி இருந்தாள். அவர்களுடைய ஒரே பெண். துவாக்குடி இன்ஜினியரிங் காலேஜில் படித்தபோது பழக்கமான ஹாலித்தை, ஏழு வருஷத்துக்கு முன் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே வேதாந்தம் காவிரியில் முங்கி எழுந்து, "தலைமுழுகியாச்சு" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? யாராவது பெண்ணைப் பற்றி விசாரித்தால், "அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்பார். கூசாமல் சொல்வார். வத்ஸலா மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை கடைவீதிக்கு என்று கிளம்பிப் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் பெண் கல்யாணமானவள் என்று இந்த மனிதர் வாயால் ஒரே ஒரு தடவை வர வேண்டும். ஆத்துக்குக் கூப்பிட வேண்டாம், ஆசீர்வாதம் பண்ண வேண்டாம். அதைச் சொன்னால் போதும்.

அவர் எதிரில் பதினேழை எடுத்துவிட்டாள். தீர்த்தம் குடிக்க அவர் எழுந்து போனதும் மறுபடி டிக் அடித்தாள்.

கடை நன்றாகவே ஓடியது. இரண்டாம் வாரமே தென்னூரிலிருந்து ஒரு ஆர்டர். பெயர், ரோஷன் பேகம். அது ஹாலித்தின் அம்மா என்று வேதாந்தத்துக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தன் குண்டுக் கையெழுத்தில் முகவரியை எழுதி ஒட்டினார். பதினேழு எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வத்ஸலாவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம். அடுத்த மாசம் இன்னொன்று வந்தது. அதற்கும் எழுதினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ரோஷன் பேகம் பேசறேம்மா, தென்னூர்லேர்ந்து." அதற்கு மேல் அந்த அம்மாளுக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. "நாலு நாளா காய்ச்சல்மா. டெங்குன்னாங்க. அம்மா பயந்துருவாங்க, சொல்லாதீங்கன்னு புள்ள தடுத்துட்டா. விடியக்காலைல போயிட்டாம்மா. நம்ம மைத்ரேயி போயிட்டா."

வத்ஸலா அடுப்பை அணைத்தாள். அணைத்தோமா என்று இன்னொரு தடவை பார்த்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பேப்பர் கீழே இறங்கவில்லை.

"வரேளா?"

ஆட்டோ பிடித்துத் தனியாகவே போனாள். காவிரிப் பாலத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "அம்மா, தண்ணி ஏதும் வேணுங்களா?" என்று கேட்ட பிறகுதான், தான் வாய்விட்டு அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

முப்பத்தொரு வயசுப் பெண்ணை அப்படிக் கிடத்திப் பார்க்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. அதைச் சொல்லி மாளாது. ஹாலித் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிட்டேம்மா, நல்லாத்தாம்மா பாத்துக்கிட்டேன்," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். இந்தப் பிள்ளையை ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லையே என்று வத்ஸலாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வேதாந்தம் காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருந்தார். ஒன்றும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. போனில் ஒன்பது ஆர்டர் வந்து காத்திருந்தன.

"கடையை மூடணும். நீங்க எழுதச் சொன்னதுதான், தீட்டு நாள்ல மூடியிருக்கும்னு."

தலைமுழுகினவனுக்கு ஏது தீட்டு என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தாள். கேட்கட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தாள். அவர் தலை நிமிரவில்லை. "மூடு," என்றார்.

வத்ஸலா செட்டிங்ஸைத் திறந்து 'விடுமுறை' என்ற இடத்துக்குப் போனாள். எத்தனை நாள் மூட வேண்டும் என்று கேட்டது.

"பத்து நாள் போடு," என்றார்.

ஒன்று அடித்தாள், பூஜ்யம் அடித்தாள். விரல் அப்படியே நின்றது. அந்த வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியாததா? கல்யாணமான பெண் போனால் பெற்றவர்களுக்கு மூன்று நாள்தான் தீட்டு. அவள் புருஷன் வீட்டைச் சேர்ந்தவள். பத்து நாள் என்பது கல்யாணமாகாத பெண்ணுக்கு. அட மனுஷா! அவள் போன பிறகுமா கல்யாணமாகலை என்பது?

"மூணுதான்," என்றாள்.

"பத்து."

"அவ கல்யாணமானவ."

"யார் பண்ணிக் குடுத்தா?" அவர் குரல் உடைந்தது. "நான் தாரை வார்த்துக் குடுத்தேனா? குடுக்கலையோன்னோ? அப்போ அவ என் பொண்ணு. என் கோத்ரம். பத்து நாளும் எனக்குத்தான்."

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஏழு வருஷமாகப் பெண்ணே இல்லை என்றவர், இப்போது முழுசாக வேண்டும் என்று கேட்கிறார். வத்ஸலாவுக்கு ஒரு நிமிஷம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூடத் தோன்றியது. பெற்ற அவளுக்கு மட்டும் அந்தப் பத்து நாள் வேண்டாமா?

"கூட ஏழு நாள் அழறதுக்கு எனக்குக் கசக்கறதான்னா?" என்றாள். "ஏழு வருஷம் அவனோட குடித்தனம் பண்ணியிருக்கா. பத்துன்னு போட்டா அவன் யாரு? யாரோ ஒருத்தனோட இருந்தவள்னு ஆயிடும் என் பொண்ணு. பெத்தவ நான் இருக்கறச்சே அப்படி ஆக விடமாட்டேன்."

பத்தை அழித்து மூன்று அடித்தாள். சேமித்தாள். 'உங்கள் கடை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தானாகத் திறக்கும்' என்று வந்தது.

அந்த மூன்று நாளும் இரண்டு பேரும் பேசிக்கொண்டது சொற்பம். புதன்கிழமை மத்தியானம் அவர், "ரொம்பக் கஷ்டப்பட்டாளாமா?" என்று கேட்டார். "இல்லையாம்," என்று பொய் சொன்னாள். வியாழக்கிழமை, பெண் எந்த மாதிரி வீட்டில் இருந்தாள், மாடியா கீழா, காற்று வருமா என்று கேட்டார். மாடி, நன்றாகக் காற்று வரும் என்றாள். அது நிஜம்.

வெள்ளிக்கிழமை விடியலில் இருவரும் ஸ்நானம் செய்தார்கள். ஆறு மணிக்குக் கடை திறந்துகொண்டது. வத்ஸலா தளிகை அறைக்குப் போய்ப் புதுப் புளியை எடுத்துக் கொட்டை நீக்க ஆரம்பித்தாள். வேதாந்தம் வந்து கதவோரம் நின்றார்.

"வத்ஸலா."

"ம்."

"அவ கல்யாணமானவதான்டி. ஹாலித்தோட ஆம்படையாள்தான். நான் ஒத்துக்கறேன். யார் கேட்டாலும் சொல்றேன்." நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஏழு நாள் மூடி வையேன். எனக்கு மூணு நாள் போறலை."

ஏழு வருஷமாக அவள் காத்துக் கிடந்த வார்த்தை. கேட்க வேண்டிய பெண்தான் இல்லை. வத்ஸலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போனைக் கையில் எடுத்தாள், செட்டிங்ஸ் வரைக்கும் போனாள், மறுபடி மேடையில் வைத்துவிட்டாள்.

"எனக்கும்தான் போறலை," என்றாள். "என்ன பண்றது? கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அவ்வளவுதான்."