கேம் மெஷின் நமக்கெதுக்கும்மா

பொம்மசந்திராவில், பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் அச்சுகளை டிசைன் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். எங்கள் ஜோகுபாளையம் வீட்டில் லேப்டாப் ஏது? கல்லூரி லேபில் உட்கார்ந்தே படித்து முடித்தவள் நான்.

அம்மா சமையல் வேலை செய்யும் வீட்டு சீனிவாசராகவன் சார், நம்ம சரசு பொண்ணுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் கத்திவிட்டாவது வந்திருப்பேன்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு அம்மாவையும் என்னையும் அவரே காரில் அழைத்துப் போனார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான பாகங்கள் சேர்ந்த அச்சைத் திரையில் திருப்பிப் பார்க்கத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சார் சொன்ன விலைக்குள் அது ஒரே ஒரு மெஷினில்தான் இருந்தது. தடித்த கறுப்பு மெஷின், கீபோர்டு முழுக்கச் சிவப்பு விளக்கு. கடைக்காரர் பெருமையாகத் திறந்து காட்டி, பசங்க கேம் ஆட இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

சார் முகம் சுருங்கியது. “படிச்ச பொண்ணு நீ. கேம் ஆடற மெஷின்லாம் நமக்கெதுக்கும்மா?”

கேமுக்கும் டிசைனுக்கும் வேண்டியது அதே கார்டுதான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேரன் தேஜஸுக்குப் போன் போட்டார். தேஜஸ் ஏதோ பேங்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். மெல்லிசா ஒண்ணு வாங்குங்க தாத்தா, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகணுமே என்றானாம். என் தோள்மேல் என்ன கரிசனம்!

“சார், அதுல என் ஃபைல் திறக்காது.”

அம்மா என் முழங்கையை அழுத்தினாள். “வாய மூட்றி. வாங்கிக் குடுக்கிறவருக்குத் தெரியாதா?” அவரிடம் திரும்பி, “நீங்க எது குடுத்தாலும் சந்தோஷம் சார்” என்றாள்.

நான் வெளியே நடந்திருக்கலாம். மறுநாள் காலை அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவது அம்மாதானே. மெல்லிசு லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

திங்கட்கிழமை டீம் லீடர் நோயல் ஓர் அச்சின் ஃபைலைக் கொடுத்தார். வட்டம் சுற்றியது. ஃபேன் இரைந்தது. திரை வெளுத்து அப்படியே நின்றது. நோயல் அணைத்துப் போட்டுப் பார்த்தார். தேவையில்லாததையெல்லாம் மூடிப் பார்த்தார். பக்கத்து சீட்டில், என்னோடு சேர்ந்த ஷில்பா அதே அச்சைச் சுலபமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“கம்பெனி மெஷின் எதுவும் ஃப்ரீ இல்ல மித்ரா,” என்றார் நோயல். “இப்போதைக்கு பாகங்க பேரை லிஸ்ட்டா டைப் பண்ணு. அப்புறம் பார்க்கலாம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். நான் வேலை செய்கிற போட்டோ வேண்டும் என்று சார் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாராம். எதைத் திறந்து காட்டுவது? அச்சிலிருந்து ஒற்றை போல்ட்டை மட்டும் தனியாகத் திறந்தேன். திறந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே சாரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “திறக்காதுன்னியே? எவ்வளவு அழகாத் திறந்துடுத்து பார்!” பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, நோயல் சொன்ன லிஸ்ட்டை டைப் செய்ய ஆரம்பித்தேன்.