ஐந்திலிருந்து எட்டு வரை சுகுணாவுக்கு

1

இந்தக் கதை நான்கு தேங்காய் ரொட்டிகளிலிருந்து பிறந்தது. சுடச்சுட, கட்டைச் சம்பல் என்ற காரத் துவையலோடு நான் தின்று தீர்த்தவை. அவை எனக்குச் சேரவேண்டியவை அல்ல என்று தின்னும்போதே தெரியும். தின்றுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த…" வேண்டாம். இந்த ஊரில் மூடுபனியை விட்டால் கதைக்காரனுக்கு வேறு போக்கில்லை என்று ஆகிவிட்டது.

இரண்டாவது: "கோத்தகிரியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் செயலாளர் தரணிதரன், மின்வண்டிகளுக்கு சார்ஜ் போடும் திட்டத்தை வரைந்துகொண்டிருந்தார்." சுவை குறைவுதான். இருக்கட்டும்.

2

தரணிதரன் தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர். வெள்ளைத்தாளைக் கண்டால் கட்டம் போடாமல் இருக்க மாட்டார். கட்டடத்துக்கு ஒரே ஒரு சார்ஜர்தான் வைக்க முடியும்; மின்கார்களோ மூன்று. இரவை மூன்றாகப் பிரித்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் திருப்தி.

அப்போதுதான் கீழ்வீட்டு சுகுணா வந்தாள். கட்டபெட்டுக்கும் கோத்தகிரிக்கும் நடுவே சவாரி ஓட்டப் புதிதாக மின்ஆட்டோ எடுத்திருந்தவள்.

"சார், இதுல என் வண்டியைக் காணோமே?"

"இது கார் நிறுத்தற இடத்துக்குப் போட்டதும்மா."

"இங்க சார்ஜ் ஏத்த முடியலேன்னா வண்டியைத் திருப்பிக் கொடுத்துடணும் சார். மறுபடி எஸ்டேட்டுக்குக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்."

இரவு கார்களுக்குப் போயிற்று. பகலில் அவள் ஓட்டவேண்டும். மிச்சம் விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு.* அந்த நேரத்தில்தான் பன்னிரண்டு வீட்டு கீசரும் ஒன்றாக ஓடும். கூடவே சார்ஜரும் ஓடினால் மெயின் விழுந்து கட்டடமே இருண்டுவிடும்.

* கோவையிலிருந்து வந்த எஞ்சினியர், ஆட்டோவுக்கு ஒரு மணி நேரமே போதும் என்றார். பாவம், கிலோமீட்டரைப் பார்த்தார், மலை ஏற்றத்தைப் பார்க்கவில்லை.

3

கூட்டம் நடந்தது. சுகுணா சவாரியில் இருந்தாள். இங்கே நான் முதலில் எழுதியது: "தரணிதரன் எழுந்தார். 'நம்ம வெந்நீரைவிட அந்தப் பொண்ணோட பொழப்பு பெருசுங்க' என்று அவர் சொன்னதும் கூட்டமே…"

[அடித்துவிட்டேன். தரணிதரன் எழுந்திருக்கவே இல்லை. குனிந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.]

எழுந்தவர் மூன்றாம் மாடி மருதாம்பாள். மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருப்பவர். குளிக்காமல் சாமி விளக்கைத் தொடமாட்டார்.

"ஏனுங்க, எங்கூட்டு கீசரை அணைச்சு வெச்சுக்கறனுங்க. கேஸ்ல ஒரு குண்டா தண்ணி காய வெச்சாக் குளிக்க ஆகாதுங்களா? அந்த அம்மிணி பொழப்பப் பாருங்க."

பக்கத்து வீட்டு பாலமுருகன் தலையைச் சொறிந்துகொண்டே, "நாங்க சாயங்காலம் குளிச்சுக்கறமுங்க," என்றார். அடுத்து எதிர்வீட்டு ஜீவா. அப்படியே ஒவ்வொரு வீடாக, எப்படியும் அணைக்கப்போகும் சுகுணா வீட்டையும் சேர்த்துப் பதினொரு வீடு. கோத்தகிரியில், ஜனவரியில்!

"நாந்தான் சொன்னேன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க. கூச்சப்படும்," என்றார் மருதாம்பாள்.

தரணிதரன் கட்டத்தில் 'ஐந்திலிருந்து எட்டு வரை: சுகுணா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

4

அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் சுகுணா டப்பாவோடு வந்து நின்றாள்.

"நீங்க இல்லேன்னா என் வண்டி போயிருக்கும் சார். எங்க வீட்டு ரொட்டி. சூடாச் சாப்பிடுங்க."

"அம்மா, அது நான்…"

[வாக்கியம் இங்கே நிற்கிறது. அன்றும் இங்கேதான் நின்றது.]

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? தரணிதரன் நான்தான். பன்னிரண்டாவது வீடு என்னுடையது. என் கீசர் இன்றும் காலை ஆறு மணிக்கு ஓடுகிறது. மற்றவர்கள் அணைத்திருப்பதால் மெயின் விழுவதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை. அந்தப் பதினொரு வீட்டாரின் நல்ல மனதில் நானும் வெந்நீர்க் குளியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு நன்றி என்று எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

5

ஒரு முடிவு: நான் மூன்றாம் மாடி ஏறி உண்மையைச் சொல்கிறேன். மருதாம்பாள், "அட, உடுங்க," என்று காப்பி கொடுத்து அனுப்புகிறார். அதையும் நானே குடித்துவிட்டு வருகிறேன். சரிப்படாது.

இன்னொன்று: பச்சைத்தண்ணீரில் குளித்து, காய்ச்சலில் படுத்து, புண்ணியவானாகிறேன். இதை என் மனைவியே நம்பமாட்டாள்.

ஆகவே, வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தாள்களை முதலில் ஆட்டோவின் முன்சீட்டில் வைக்கப்போகிறேன். உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கவேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள்.

சுகுணா, நீ சொன்ன நன்றி மூன்றாம் மாடிக்கு உரியது. ஆறரை மணி வாக்கில் போனால், மருதாம்பாள் கொதிக்கிற குண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக் குளியலறைக்குத் தூக்கிப்போவார். ஒற்றை ஆளுக்குக் கனம் அதிகம். ஒரு பக்கம் நீ பிடி.

வரும் வழியில் என் வீட்டுக் கதவு இருக்கிறது. தட்டுவதா வேண்டாமா என்பதை நீதான் எழுதவேண்டும்.