நீல டிரம்மில் கரைத்த கஞ்சி

இன்பராஜின் நிலத்தில் கடலை இரண்டு பாத்தியாக முளைத்திருந்தது. ஒன்று, எப்சி தந்த பாக்டீரியாவைக் கஞ்சியில் கரைத்துப் பூசிய விதை. மற்றது வெறும் விதை. பூசியது பச்சையாக நிற்க வேண்டும். இரண்டுமே மஞ்சளடித்து நின்றன.

எப்சி வேலூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளின் குரோமியக் கழிவு ஓடைச் சேற்றிலிருந்து, அந்த விஷத்திலும் பிழைத்த கிருமிகளைப் பிரித்து வளர்த்தவள். இந்த ஆடிப் பட்டத்தில் கடலை தேறாவிட்டால், நிலத்தைப் பக்கத்துத் தோல் ஷாப்புக்குக் கழிவு கொட்ட விற்றுவிடுவது என்று இன்பராஜ் வீட்டில் முடிவாகியிருந்தது.

ஆடியில் விதைக்கும் முன் வரப்பில் உட்கார்ந்து அவள் விளக்கினாள்.

"குரோமியம் ரெண்டு வேஷம் போடும்ணா. ஒரு வேஷத்துல தண்ணியில கரைஞ்சு வேருக்குள்ள பூந்துடும். இன்னொண்ணுல மண்ணைப் புடிச்சிக்கினு கம்முனு கெடக்கும். நம்ம கிருமி மொத வேஷத்தைக் கலைச்சு ரெண்டாவதா மாத்திடும்."

"அப்ப வெஷம் போவாதா?"

"மண்ண உட்டுப் போவாது. வேருக்குள்ளயும் போவாது."

"எங்க வூட்டு ஆளு மாதிரி," என்றாள் அவர் மனைவி முனியம்மா. "வேலைக்கும் போவாது, வெளியவும் போவாது."

இப்போது எப்சி பூசிய பாத்தியில் செடியைப் பிடுங்கினாள். வேர் நுனி கருகியிருந்தது. அந்த மண்ணை ஏற்கெனவே சோதித்துவிட்டாள். அவளுடைய கிருமி ஒன்றுகூட அதில் இல்லை.

"கஞ்சி எதுலக்கா கரைச்சீங்க?"

முனியம்மா குளியலறைப் பக்கம் கூட்டிப்போனாள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் நீல பிளாஸ்டிக் டிரம். தோல் ஷாப்பில் மருந்து தீர்ந்ததும் மலிவாக வெளியே வருவது.

"இவரு சாணி வாளியில கரைக்கலாம்னாரு. படிச்ச பொண்ணு குடுத்தத அதுலயா ஊத்தறதுன்னு நான்தான் புது டிரம்மு வாங்கியாந்தேன். சோப்பு போட்டு நல்லா தேய்ச்சம்மா."

எப்சி குனிந்து முகர்ந்தாள். ஈரத்தோலை அடுக்கி வைத்தால் பூசணம் பூக்கும். அதைத் தடுக்கும் மருந்து இருந்த டிரம் அது. அந்த மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிடும், சோப்புக்கு அசையாது. பூசணத்தைக் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். கஞ்சியில் கிடந்த இரவே எல்லாம் செத்திருக்கும். சாணி வாளியில் கரைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

சுத்தமான பாத்திரமாக எடுங்கள் என்று சொன்னது அவள்தான்.

எல்லாவற்றையும் சொன்னாள். இன்பராஜ் டிரம்மைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப அடுத்த பட்டம் வாளியில கரைச்சா வந்துடுமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவர் கிணற்று நீரைப் போன வாரம்தான் சோதித்திருந்தாள். பச்சைத்தோலுக்குப் போடும் உப்பெல்லாம் கழுவி, ஓடி, அங்கேதான் சேர்கிறது.

"குரோமியத்த அடக்கும்ணா. உப்ப ஒண்ணும் பண்ணாது. உப்ப மாத்தற கிருமி கெடையாது."

"நெலம் இன்னும் எத்தினி பட்டம் தாங்கும்?"

"ஒண்ணு. ஜாஸ்தி போனா ரெண்டு."

இன்பராஜ் தலையாட்டினார். "பொய் சொல்லியிருந்தீன்னா இன்னொரு வருஷம் உழுதிருப்பேம்மா," என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனார். தண்ணீர் பாதிப் பாத்திக்குத்தான் பாய்ந்திருந்தது.

விற்கப்போகிற நிலத்தில் எதற்கு விட்டுவைப்பது என்று முனியம்மா செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"எதுக்குக்கா?"

"ஆட்டுக்குத்தான்."

"ஆட்டுக்குப் போடாதீங்க. வெஷம் எலையிலயும் ஏறியிருக்கும்."

முனியம்மா கை நிறையச் செடியோடு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள்.