அழுத குட்டி

பட்டாணி வளைக்குள் போய் வெகு நேரமாகிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் இல்லையே என்று முதலில் யாரும் பயப்படவில்லை. அந்தோணிசாமி வீட்டு நாய்கள் மண்ணுக்குள் வாயே திறக்காது. மரக்காணம் உப்பளத்துக்காரர்கள் அவற்றைத் தேடி வருவதே அதற்காகத்தான். பெருச்சாளி கரையைக் குடைந்து வளை வைத்துவிட்டால், கடல் ஓதம் ஏறும்போது கால்வாய்த் தண்ணீர் அந்த வளை வழியாகப் பாத்திக்குள் இறங்கி, விளைந்து கிடக்கிற உப்பையெல்லாம் கரைத்துவிடும். குட்டைக் காலும் முள்ளு முள்ளாக முடியும் உள்ள இந்த நாய்கள் வளைக்குள் நுழைந்து பெருச்சாளியை வெளியே துரத்தும். ஊரில் இதற்கு வளை நாய் என்று பெயர். அந்தோணிசாமியின் அப்பா அந்தக் காலத்தில் பாண்டியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி டெரியர் நாய்களிலிருந்து வந்த வம்சம். பேத்தியைத் தாத்தாவுக்கு, அக்கா மகளை மாமனுக்கு என்று உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் காப்பாற்றி வந்தார்கள்.

இன்றைக்கு அந்த வம்சத்தில் மிச்சம் பட்டாணி ஒன்றுதான் என்று அந்தோணிசாமி சொல்வார். அவர் தங்கச்சி சகாயமேரி அப்படி நினைக்கவில்லை. காலையில் சண்டை வந்ததே அதனால்தான்.

போன மார்கழியில் கடல் பொங்கி வந்த அன்றைக்குக் கிராம்பும் ஏலமும் குப்பத்தில் ஒரு வலைக் கொட்டகையில் எலி பிடிக்கப் போயிருந்தன. இரண்டும் கடுவன் நாய்கள். இரண்டும் திரும்பவில்லை. பட்டாணிக்கோ வயதாகிவிட்டது, மூக்கெல்லாம் வெளுத்துவிட்டது. இப்போது பருவத்துக்கு வந்திருந்தது. இதை விட்டால் அடுத்த தடவை சினை நிற்குமோ நிற்காதோ.

"அண்ணே, இன்னைக்கு அவள வளையில விடாத. ஆண்டாள் வூட்டுச் சங்குகிட்ட இட்டுனு போலாம்" என்று மேரி சொல்லிப் பார்த்தாள்.

"எது, அந்த அழுமூஞ்சியா?"

"அதுவும் நம்ம வூட்டுக் குட்டிதான? பட்டாணியோட அம்மாவுக்குக் கடைசித் தம்பி. மாமன் முறை வருது."

"ஆமா, ஃபாதராண்ட சொல்லி மூணு வாரம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம். போவியா, காலங்காத்தால."

அவர் வீம்புக்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் குட்டிகள் சோறு தின்னப் பழகியதும் ஒரு சோதனை வைப்பார்கள். வாய் குறுகின பானையைப் படுக்கவைத்து, குட்டியை உள்ளே விட்டு மூடிவிடுவார்கள். மூடியைத் திறக்கிறவரை அழாமல் கிடந்தால் அது வீட்டுக் குட்டி. அழுதால் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வளைக்குள் நாய் சத்தம் போட்டால் பெருச்சாளி உஷாராகி இடையில் மண்ணை வைத்து அடைத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக அழுத குட்டியை ஒதுக்கி ஒதுக்கி, வாயைத் திறக்காத நாயாகவே பார்த்து வளர்த்தாயிற்று. சங்கு பானைக்குள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து அளத்தில் உப்பு வாருகிற ஆண்டாள்தான், "எனக்குக் குடுங்க, காவலுக்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். ஊளைச் சத்தத்துக்காகச் சங்கு என்று பெயரும் வைத்தாள்.

வாயைத் திறக்காத நாய் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. இறுகின களிமண் கரையில் அதுவரை எந்த நாயும் மாட்டியதில்லை. ஆனால் இந்தக் கரை பழைய கரை இல்லை. கடல் வந்து அடித்துக்கொண்டு போன இடங்களில் அவசரத்துக்கு மணலைக் கொட்டி மூடியது.

வளை வாயில் கையை விட்டுப் பார்த்த அந்தோணிசாமியின் முகம் மாறியது. விரல் நிறைய ஈர மணல் வந்தது.

"சரிஞ்சிக்கிச்சி" என்றார் மெதுவாக.

மேரி அவரை விலக்கிவிட்டுக் குனிந்தாள். "பட்டாணி! ஏ பட்டாணி! கொரல் குடுடீ!" என்று வளை வாயில் முகத்தை வைத்துக் கத்தினாள். எங்கே கொடுக்கும்? கொடுக்காத நாயாகப் பார்த்துத்தானே வைத்திருந்தார்கள்.

அளத்துக்காரர் கலியபெருமாள் கரைமேல் ஓடிவந்தார். தண்ணீர் இறைக்கிற இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கால்வாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. காலையில் சேறாகத் தெரிந்த ஓரமெல்லாம் இப்போது நீருக்குள் போய்விட்டது.

"அந்தோணி, நாய வுட்டுட்டு வூட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு நான் கெட்டவன் கெடையாது. ஆனா இந்த வளை எம்மாந் தூரம் போவுதோ தெரியல. கரையில ஒரு எடத்துல வெட்டிக்க. ஒரே ஒரு எடம். அத மூடி மிதிக்கறதுக்கே ஓதம் வந்துரும். ரெண்டு எடம் வெட்டுனா எம் பாத்தி போச்சி. முப்பது குடும்பம் இதுல சோறு துன்னுது."

"ஒரு எடம் போதுங்க" என்றார் அந்தோணிசாமி.

கடப்பாரையைக் கரையில் ஊன்றினார். அதன் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மண்ணுக்குள் அசைவது கடப்பாரை வழியாக ஏறி வரும். அவருடைய அப்பா செய்த வழி. ஓர் இடத்தில் வைத்தார், பிடுங்கினார், நான்கடி தள்ளி வைத்தார். வேலை செய்துகொண்டிருந்த பெண்களெல்லாம் உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டுவிட்டு அசையாமல் நின்றார்கள். மேரி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

வளை வாயிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். "இங்க பறண்டுது. கேக்குது நல்லா."

கலியபெருமாளும் காதை வைத்துப் பார்த்தார். "ஆமாய்யா. சரக் சரக்குன்னுது."

அந்தோணிசாமி மண்வெட்டியை எடுத்தார்.

மேரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மணல் மேலே விழுந்து அமுக்கிக் கிடக்கிற நாய் எப்படிச் சரக் சரக் என்று பறண்டும்? ஆனால் அதைச் சொன்னால் அண்ணன், 'அப்ப நீ காட்டு' என்பார். காட்ட அவளுக்கு என்ன தெரியும்? அவள் திரும்பி ஓடினாள்.

பக்கத்து அளத்தில் ஆண்டாள் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக் காலில் கட்டியிருந்த சங்கு கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"ஆண்டாளு, சங்க அவுத்துக் குடு. சீக்கிரம்."

"இன்னாத்துக்கு? பானையில அழுதுச்சின்னு வாணாம்னு தள்ளுனீங்களே."

"அழுவறதுக்குத்தான் வேணும். பட்டாணி மண்ணுக்குள்ள மாட்டிக்கினா."

ஆண்டாள் பலகையைப் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்க்க ஓடினாள். "அதான பாத்தேன்! காலையிலேர்ந்து ஒங்க பக்கமே மோந்துகிட்டு ஒரே கூச்சல். சோறு வச்சா கூட தொடல. வுடமாட்டேங்குதே முடிச்சி..."

முடிச்சு முழுதாக அவிழ்வதற்குள் சங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பெண்களும் வழுக்குகிற வரப்பில் அதன் பின்னால் ஓடினார்கள்.

இவர்கள் போய்ச் சேரும்போது அந்தோணிசாமி கரையின் மேல் தோலைச் சீவிவிட்டு நிமிர்ந்திருந்தார். சங்கைப் பார்த்ததும் மண்வெட்டிக் காம்பை ஓங்கினார்.

"இத யாரு இங்க இட்டாந்தது? போ! ச்சீ போ!"

சங்கு அவரைச் சட்டை செய்யவில்லை. அவர் வெட்டிக்கொண்டிருந்த இடத்தை மோந்துகூடப் பார்க்காமல் அவர் காலுக்கிடையில் புகுந்து போயிற்று. வளை வாயில் மூக்கை வைத்தது. எடுத்தது. கரைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பழைய மடை இருந்த வளைவுக்குப் போய் நின்றது. முன்காலால் மண்ணைத் தோண்டியது. தலையைத் தூக்கி ஊளையிட்டது. குரைப்பு இல்லை. பானைக்குள் அழுதது போலவே ஒரு அழுகை.

"இங்கதான்!" என்றாள் மேரி. "அண்ணே, இங்க வெட்டு!"

"பைத்தியமா நீ? இங்க சத்தம் கேக்குது. காதால கேட்டேன், அவரும் கேட்டாரு. அது எல்லாத்துக்கும் கத்துற நாயி. பெருச்சாளி வாசனைக்கிக் கத்துது."

"பெருச்சாளின்னா நீ வெட்டுற எடத்துல ஏன் நிக்கல? மோந்துகூடப் பாக்காம போச்சே!"

"மேரி..."

"கேளு நீ. மேல மண்ணு வுழுந்து கெடக்குறவ எப்பிடிப் பறண்டுவா? பறண்டுறது பெருச்சாளி. அதத்தான் நீ கேட்ட. இது பெருச்சாளியத் தேடி வரல அண்ணே. அவளத் தேடி வந்திருக்குது. அவ என்னா நெலமையில இருக்கான்னு ஒனக்குத் தெரியும். காலையில எதுக்குச் சண்ட போட்டோம்?"

ஆண்டாள் கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கலியபெருமாள் கால்வாயைப் பார்த்தார். தண்ணீர் கரையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் தங்கச்சி பஞ்சாயத்த அப்பறம் வச்சிக்குங்க. எங்க? ஒரு எடம் சொல்லுங்க. இப்ப வெட்டலன்னா அப்பறம் வுடமாட்டேன்."

அந்தோணிசாமி கடப்பாரையைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். அது அழுகையை நிறுத்தாமல், நகத்தில் ரத்தம் வரத் தோண்டிக்கொண்டிருந்தது. அப்பா கற்றுக்கொடுத்த காது ஒரு பக்கம், அப்பா சொல்படி தள்ளிவிட்ட நாய் ஒரு பக்கம். தப்பாக வெட்டினால் பட்டாணியோடு வம்சமும் அங்கேயே முடிந்தது.

மேரி காத்திருக்கவில்லை. சங்குக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள்.

"கைய எடு" என்று மேலே குரல் கேட்டது. "வெரலு போயிடப் போவுது."

மண்வெட்டி அவள் பக்கத்தில் இறங்கியது.

முழங்கால் ஆழம் வெட்டினார். மணல், மணல். வெட்ட வெட்டச் சரிந்தது. மேரி இரண்டு கையாலும் வாரி வெளியே தள்ளினாள். ஆண்டாள் சங்கைக் கழுத்தோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு ஆழம் வந்தபோது அடியில் தண்ணீர் கசிந்தது. கலியபெருமாள் கரை மூடக் களிமண் கொண்டுவரச் சொல்லி ஆட்களை ஏவினார்.

"இல்லியே..." என்றார் அந்தோணிசாமி. முகமெல்லாம் வேர்வையும் மண்ணும். "இல்லியே மேரி."

அவள் குழிக்குள் இறங்கிக் கவிழ்ந்து படுத்தாள். பக்கவாட்டில் கையைத் தோள்வரை விட்டுத் துழாவினாள். முள்ளு முடி தட்டுப்பட்டது. அசையாத முடி.

"கால் கெடச்சிருச்சி! இருங்க, மண்வெட்டி வாணாம்!"

இரண்டு பின்னங்காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். மணல் விடமாட்டேன் என்றது. பிறகு விட்டது. வெளியே வந்தது பட்டாணி மாதிரியே இல்லை. சேற்று உருண்டை. அந்தோணிசாமி அதைத் தலைகீழாகப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்தார். மூக்கில் வாயை வைத்து ஊதினார். துப்பினார். ஊதினார்.

"மாதாவே" என்று மேரி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாதாவே, மாதாவே."

பட்டாணி தும்மியது.

அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. களிமண் வந்தது. ஆணும் பெண்ணுமாகக் குழிக்குள் இறங்கி மிதித்தார்கள். கால்வாய்த் தண்ணீர் முழங்கால் உயரம் ஏறியபோது கரை மூடியிருந்தது. அந்தக் களேபரத்தில் அந்தோணிசாமி முதலில் சீவிய இடத்துப் பக்கமாக ஒரு பெருச்சாளி வெளியே வந்து, எல்லார் முன்னாலும் பாத்தியைத் தாண்டி ஓடிப்போனது. துரத்த ஒருவருக்கும் தெம்பில்லை.

"அதான் நீ கேட்ட சத்தம் போவுது பாரு" என்றார் கலியபெருமாள்.

அந்தோணிசாமி மடியில் பட்டாணியைக் கிடத்தி, துண்டைக் குடத்து நல்ல தண்ணீரில் நனைத்து அதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது இப்போதும் முனகவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது.

ஆண்டாள் பிடியை விட்டதும் சங்கு நேராக வந்தது. பட்டாணியின் காதை மோந்தது, வாலுக்குப் போனது, சின்னதாக அழுதது. பட்டாணி தலையைத் தூக்கிப் பார்த்தது.

மேரி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளி நாய் கிட்டே வந்தால் அந்தக் கை பட்டாணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கை பட்டாணியின் வயிற்றுக்கு அடியில் போயிற்று. தூக்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

"ஆண்டாளு," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "இதுக்கு ராத்திரிக்கு இன்னா வைப்ப?"

"கஞ்சிதான். கெடச்சா கருவாட்டுத் தலை."

"கருவாடு நான் தரேன்."

பட்டாணியைத் தரையில் இறக்கிவிட்டார். காலில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு நாயையும் திரும்பிப் பார்க்காமல் கரைமேல் நடந்தார்.