மூன்று பாகை

சர்வே ஆபீஸ் வரைபட அறையில் இருபத்திரண்டு வருஷமாக நானும் ஒரு மின்விசிறியும்தான். அதுவாவது கடகடவென்று ஏதோ சொல்லும். வீட்டில் அதுவும் கிடையாது. அதனால்தான் அந்த நர்ஸம்மா வந்தபோது கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெட்டேன்.

நாற்பது வருஷத்துக்கு முன் பழைய ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெண் பிறந்து அன்றே இறந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பின்புற மயானத்தில், பதினேழாம் குழியில் புதைத்தார்கள். இன்று ஆஸ்பத்திரியும் இல்லை, மயானமும் இல்லை.

“எடத்த மட்டும் காட்டிருங்க சார். போய் ரெண்டு வார்த்தை பேசணும்.”

பழைய வரைபடத் தாளில் மயானம் குழி எண்களோடு இருந்தது. தூரத்தில் இன்னும் நிற்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து திசை பிடித்து அளந்து, பக்கத்துத் தபால் நிலைய மதிலோர மரத்தடியைக் காட்டினேன். வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான்.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அதே தாளை விரித்தேன். அம்புக்குறியின் கீழே பொடி எழுத்தில் ‘ஊசி வடக்கு’ என்றிருந்தது. அந்தக் காலத்தில் திசைகாட்டி ஊசி நின்ற பக்கமே வடக்கு. உண்மை வடக்கிலிருந்து அது மூன்று பாகை விலகல். தாளைத் திருப்பாமலே அளந்திருக்கிறேன்! புத்தி புல் மேயப் போயிருந்தது போல.

திருப்பி அளந்தேன். நாற்பது மீட்டர் தள்ளி, எங்கள் அலுவலக வாசல் பஸ் நிறுத்தத்தில், பெஞ்சுக்கு அடியில் வந்து நின்றது குழி.

யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மரத்தடிக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன்.

“அப்ப ஆறு மாசமா நான் பேசினது எதுவுமே அவளுக்குக் கேக்கலையா?”

“மன்னிச்சிருங்கம்மா. தப்பு என்னோடதுதான்.”

நர்ஸம்மா திரும்பிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார்.

“அந்த பெஞ்சுல யாரு உக்காருவாங்க?”

“சாயங்காலம் நான் ஒருத்தன்தான். இருபத்திரண்டு வருஷமா.”

“சும்மா உக்காந்திருப்பீங்களா?”

“பஸ் வரலைன்னு பொலம்புவேன். ஆபீஸ்ல நடந்தத எனக்கு நானே சொல்லிட்டிருப்பேன். கேக்கத்தான் ஆளில்லையே.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆளில்லன்னு யாரு சொன்னா?”

அன்று சாயங்காலம் பெஞ்சின் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பஸ் நேரத்துக்கு வந்து தொலைத்தது. நான் ஏறவில்லை.