வென்தானா அட்டையின் காற்று

ஸ்பானிய வேர்ச்சொல் அகராதி தயாரித்துவந்த அலுவலகத்தின் நிலவறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ‘வென்தானா’ என்ற சொல்லுக்குரிய குறிப்பு அட்டையிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கடல் இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருந்தது. அட்டையை எழுதியவள் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

அட்டையில் பிழையில்லை. சன்னலுக்கு லத்தீனில் ஃபெனெஸ்த்ரா என்று பெயர். அதிலிருந்து வந்த சொல்லைப் பழைய ஸ்பானிய மொழி சில காலம் வைத்திருந்து கைவிட்டது. பிறகு, காற்றைக் குறிக்கும் வென்துஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த வென்தானா சன்னலுக்குப் பெயராக நிலைத்தது. ஆனால் மூன்று சான்றுகளும் சரிபார்ப்பவரின் கையெழுத்தும் இல்லாமல் எந்த அட்டையும் அச்சுக்குப் போகாது. சரிபார்ப்பவர் மூன்றாம் மாடியில் இருந்தார். அவளுடைய கணவர்.

மாலையில் அவள் கூந்தலில் உப்பு இருந்தது, செருப்பில் மணல்.

“எந்தக் கடலுக்குப் போயிட்டு வர்ற?”

“அட்டை பக்கத்துல உக்காந்திருந்தேங்க. நாலு மாடிப் படிதானே, எறங்கி வந்து பாருங்க.”

“அட்டையாம்.”

அவர் இறங்கவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார்: மனைவியின் பேரில் ஓர் அட்டை எழுதத் தொடங்கினார். முதல் சான்று, உப்பு. இரண்டாவது, மணல், அரைக் கரண்டி. அவள் வெளியே போவதில்லை என்று காவலாளி சொன்னதும் காவலாளியையும் சந்தேகித்தார். மூன்றாவது சான்று கிடைக்காததால் பதினோரு மாதம் குற்றம் சாட்டவும் இல்லை, நம்பவும் இல்லை.

ஒருநாள் அவள் பேரிலிருந்த அட்டை மற்ற அட்டைகளோடு கலந்து கீழே வந்துவிட்டது. அவள் படித்தாள். ஒரு தேதியைத் திருத்தி, “மூன்றாம் சான்று நிலவறையில்” என்று எழுதித் திருப்பியனுப்பினாள்.

அவர் வந்தார். மூக்குக்கண்ணாடியில் உப்புப் படியும்வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, வென்தானாவில் கையெழுத்திட்டார்.

“காத்துதான். வீட்டுக்குப் போலாமா?”

“நீங்க போங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“அதான் தெரிஞ்சு போச்சே.”

“எனக்கும் தெரிஞ்சு போச்சுங்க.”

மறுவாரம் அவர் தன் மேசையை நிலவறைக்கு மாற்றிக்கொண்டார். அவள் எழுத, அவர் சரிபார்த்தார். மழைக்காலத்தில் மற்றப் பிரிவினர் நனைந்த குடைகளை அங்கே கொண்டுவந்து உலர்த்தினார்கள். ஆறு மணிக்கு இருவரும் தத்தம் குடையை எடுத்துக்கொண்டு வேறு வேறு பேருந்தில் ஏறினார்கள்.