கருவாட்டுத் தண்ணீர் ஊற்றிய பாத்தி

றஞ்சிதம் ரீச்சருக்குக் கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மலைநாட்டிலிருந்து வந்து முசலிப் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்த குடும்பம். அரிப்பு என்ற கடற்கரை ஊரில் சின்னப் பள்ளிக்கூடமொன்றுக்குத் தொண்டர் ஆசிரியையாக வந்த கையோடு, "புத்தகத்தை மூடுங்கோ, மண்வெட்டியைத் தூக்குங்கோ!" என்று நாலாம் வகுப்பையே வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாம் மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சண்டையென்று கடலுக்குப் போக நேவி தடை போட்டிருந்ததால் அடுப்புகள் ஒழுங்காக எரியவில்லை. பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாடோ வெறும் சோறும் பருப்பும். அதற்குள் ஒரு பிடி பயித்தங்காய் விழவேண்டும், அதுவும் பிள்ளைகள் கைப்பட விளைந்ததாக விழவேண்டும். இதுதான் அவளுக்கிருந்த ஒரே வெறி. பள்ளிக்கூட வளவில் போட்ட பாத்தியும் அவளை ஏமாற்றவில்லை. கொடி ஏறிப் பூத்து, நூல் மாதிரிப் பிஞ்சு தொங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து நேவி கரையிலிருந்த தன் முகாமை அகட்டியது. ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு முள்ளுக்கம்பிக்குள்ளே போய்விட்டது. வீட்டுக்கு ஒரு குடம்தான், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

றஞ்சிதம் சோர்ந்துபோகிற ஆளில்லை.

"வீட்டில அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி ஒண்டையும் வெளியில ஊத்தாதேங்கோ. போத்தல்ல விட்டுக் கொண்டு வாங்கோ!"

"எங்கட தென்னைக்கும் அம்மா மீன் தண்ணிதான் ஊத்துறவ," என்றாள் கிறேஸ், பெருமையாக.

ஒரு கிழமை முழுக்க, நாள்தோறும் போத்தல்கள் வந்தன. ரீச்சரே வாங்கிக் கொடியடியில் ஊற்றினாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ரீச்சர், இதில பயித்தங்காய் காய்க்காது, சூடை மீன்தான் காய்க்கும்!" என்றான் தோமஸ்.

அடுத்த கிழமை இலையோரங்கள் தீய்ந்திருந்தன. பிஞ்சுகள் சுருளத் தொடங்கின. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. றஞ்சிதம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"தோமஸ், நீ கொண்டு வந்தது என்ன மீன் கழுவின தண்ணியடா?"

"மீனுக்கு எங்க போறது ரீச்சர்? அப்பாவைத்தான் கடலுக்கு விடுறாங்களில்லையே. கருவாடு ஊறப்போட்ட தண்ணி."

"எல்லாரும் அதைத்தானோ?"

"ஓம் ரீச்சர்." கிறேஸ் தீய்ந்த இலையொன்றைத் தடவினாள். "தென்னைக்கு ஒண்டும் செய்யேல்லையே!"

தென்னை தாங்கும், பயித்தங்கொடி தாங்காது. மீன் நாற்றமும் கருவாட்டு நாற்றமும் ரீச்சரின் மூக்குக்கு ஒன்றாகவே இருந்துவிட்டன. வழி மட்டும் அவளுக்குத் தெரியும்: நல்ல தண்ணீரை வாளி வாளியாக இறைத்து உப்பைக் கீழே இறக்க வேண்டும், இன்றைக்கே.

முகாம் வாசலுக்கு ஓடினாள். காவலுக்கு நின்றவனுக்கு அவள் வயதுதான் இருக்கும்.

"பயிருக்கா?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டான். "நம்ம ஊர்லயும் தோட்டம்தான். பாவம். ஆனா பே ரீச்சர், ஏலாது. பெரிய மாத்தயா, ஒபிசர், ஓடர்."

அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். தண்ணீர் மணலுக்குள் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பிப் பார்த்த அவனும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் செம்பும் கோப்பையுமாகப் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக் குடத்திலிருந்து அள்ளி வந்திருந்தார்கள்.

"அம்மாமாருக்குத் தெரியுமோ?"

எல்லாரும் குனிந்து செம்புக்குள் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் அரை வாளி வராது. ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

"கொண்டுபோய்க் குடத்துக்குள்ள ஊத்துங்கோ."

"பிஞ்செல்லாம் செத்துப்போயிடும் ரீச்சர்!"

"ஓம்."

கிறேஸ் முதலில் நடந்தாள். மற்றவர்களும் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். தோமஸ் மட்டும் குனிந்து கொடியடியில் கோப்பையைச் சரிக்கப் போனான். அவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"குடி."

"எனக்குத் தண்ணி விடாயில்ல ரீச்சர்."

"குடியடா."

கொடியைப் பார்த்துக்கொண்டே அவன் குடித்தான். முழுவதும் குடித்து முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை.